பதினெட்டே பதினெட்டு: ரோல்ஸ் ராய்ஸ் ஃபேண்டம் 4 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் அப்பா வைத்திருந்த டிங்கரிங் பட்டறையில் வளர்ந்தவன் நான். இப்போது குடியிருப்பது பாண்டியில். 1972-ம் வருடத்து மார்க் 2 அம்பாசடர் ஒன்று என்னிடம் இருக்கிறது. வாடகைக்கு விடுவதில்லை. தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு நானே ஓட்டிக்கொண்டு போவேன். அந்தப் பழக்கத்தால், பழைய கார் படம் எது வாட்ஸ்அப்பில் வந்தாலும் "இது நிஜமாண்ணே?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு படம் சுற்றியது. கறுப்பும் கருஞ்சிவப்புமாக நீளமான ஒரு ரோல்ஸ் ராய்ஸ், பின்னால் தூண் வைத்த மாளிகை. அடியில் "பாண்டிச்சேரி பிரெஞ்சு கவர்னர் பயன்படுத்திய கார். உலகத்தில் மொத்தம் 18. அதில் ஒன்று நம்ம ஊரில்!" என்று எழுதியிருந்தது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொருவருக்காகத் தட்டி என் விரல் தேய்ந்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே போட்டுவிடுகிறேன்.

அது பாண்டி கவர்னர் கார்தானா?

இல்லை. 18 என்ற எண் மட்டும் சரி. படத்தில் இருப்பது ஃபேண்டம் 4. 1950-லிருந்து 1956 வரை பதினெட்டு வண்டிதான் செய்தார்கள். ஒவ்வொன்றும் யாரிடம் போனது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் பாண்டியும் இல்லை, பாரிஸும் இல்லை.

தேதியை வைத்துப் பார்த்தாலே பிடிபட்டுவிடும். 1954 நவம்பர் 1 அன்று பாண்டியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் இங்கிலாந்துக்கு ஆள் அனுப்பி ரோல்ஸ் ராய்ஸ் சொல்லியிருப்பார்களா?

பிரெஞ்சுக் கார் கதைதான் வேண்டும் என்றால் நிஜமான ஒன்று இருக்கிறது. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. சரியாக ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 22 அன்று, பாரிஸுக்குப் பக்கத்தில் பெத்தி கிளமார் என்ற இடத்தில் ஜனாதிபதி டிகோல் போன சித்ரோயன் டி.எஸ். காரைச் சுட்டார்கள். டயரில் குண்டு பாய்ந்தும் வண்டி கவிழவில்லை, நிற்கவும் இல்லை. ஸ்பிரிங்குக்குப் பதில் எண்ணெயும் வாயுவும் தாங்குகிற சஸ்பென்ஷன் அதில். டிகோல் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார். வாட்ஸ்அப்பில் அனுப்ப இதைவிட நல்ல சரக்கு கிடையாது.

அப்படியானால் பதினெட்டும் யாருக்குப் போயின?

ஐந்து பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்கு: எலிசபெத்துக்கு இரண்டு, அவர் தங்கை மார்கரெட், குளோஸ்டர் கோமகன், கென்ட் கோமகள் ஆளுக்கு ஒன்று. ஸ்பெயினை ஆண்ட பிராங்கோ மூன்று வாங்கினார். குவைத்துக்கும் மூன்று. ஈரான் ஷாவுக்கு இரண்டு. ஈராக்கில் இளவயது மன்னர் ஃபைசலுக்கு ஒன்று, அவருக்காக ஆட்சியைப் பார்த்துக்கொண்ட மாமா அப்துல் இலாஹுக்கு ஒன்று. இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகா கானுக்கு ஒன்று, சவுதி இளவரசர் தலாலுக்கு ஒன்று. இதோடு பதினேழு ஆயிற்று. பதினெட்டாவது கதை வேறு, கீழே சொல்கிறேன்.

கடைசியில் சிரித்தது பிராங்கோவின் மூன்றும்தான். சர்வாதிகாரி போனார், மன்னராட்சி திரும்பி வந்தது, வண்டிகள் மட்டும் வேலையை விடவில்லை. 2014 ஜூன் 19 அன்று ஆறாம் ஃபெலிப்பே முடிசூடியபோது மத்ரீத் தெருக்களில் நின்றுகொண்டு கையாட்டிப் போனது அந்த மூன்றில் கூரை திறக்கும் வண்டியில்தான். அறுபது வருடத்துக்கு மேலான வண்டி, நேரடி ஒளிபரப்பு, வழியில் நின்றுவிட்டால் மானம் போகும். இதற்குத் துணிந்த மெக்கானிக் யாரோ, அவருக்கு ஒரு வணக்கம்.

பணம் இருந்தால் வாங்க முடியாதா?

அந்த வண்டியை அப்படி வாங்க முடியவில்லை. அரச குடும்பத்தவராக இருக்க வேண்டும், அல்லது ஒரு நாட்டின் தலைவராக இருக்க வேண்டும். மற்ற மாடல்களைப் போல யார் கேட்டாலும் ஆர்டர் எடுக்கிற வண்டி இல்லை இது. சினிமா நட்சத்திரமோ மில் முதலாளியோ பெட்டி நிறையப் பணத்தோடு போயிருந்தாலும் "உட்காருங்கள், டீ சாப்பிடுங்கள், வேறு மாடல் பாருங்கள்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நம் மகாராஜாக்கள் ஒருவர்கூட வாங்கவில்லையா?

ரோல்ஸ் ராய்ஸ் என்றாலே மகாராஜா நினைவு வருவது நியாயம்தான். ஃபேண்டம் 1, 2, 3 எல்லாம் நம் சமஸ்தானங்களுக்கு வந்தவைதான். ஆனால் நாலாவது வெளிவந்த 1950-ல் சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்து, ராஜாக்கள் மானியத் தொகையில் இருந்தார்கள்.

ஆனாலும் ஒரு ராஜ்யத்தின் பெயர் இந்தக் காரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் வண்டி இளவரசி எலிசபெத்துக்காக என்பது வெளியே தெரியக்கூடாது என்று தொழிற்சாலையில் அதற்கு "நாபா" என்று ரகசியப் பெயர் வைத்தார்கள். நாபா பஞ்சாபில் இருந்த ஒரு சமஸ்தானம். யாராவது எட்டிப் பார்த்தாலும் "ஏதோ இந்திய ராஜா ஆர்டர் போலிருக்கிறது" என்று போய்விடுவார்கள் அல்லவா? 1950 ஜூலையில் அந்த வண்டி இளவரசியிடம் போனது. அப்போது அதன் நிறம் பச்சை. 1952-ல் அவர் ராணியான பிறகுதான் அரண்மனை வண்டிகளுக்கு உரிய கருஞ்சிவப்பும் கறுப்பும் பூசினார்கள். 2018-ல் இளவரசர் ஹாரியின் கல்யாணத்தை டி.வி.யில் பார்த்திருந்தால், மணப்பெண் அம்மாவோடு வந்து இறங்கியது ஒரு ஃபேண்டம் 4.

இன்னொரு சங்கதியும் அதில் இருந்தது. அதுவரை பிரிட்டிஷ் அரண்மனைக்கு வாடிக்கையாகக் கார் கொடுத்தது டெய்ம்லர் கம்பெனி. இந்த ஒரு வண்டியோடு ரோல்ஸ் ராய்ஸ் உள்ளே கால் வைத்தது. அதற்குப் பிறகு டெய்ம்லரால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியவில்லை.

அப்படி என்ன ஒசத்தி? தங்கமா, வைரமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். உள்ளே தங்கக் குழாய் இருக்கிறது என்று ஆரம்பித்தால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். நான் சொல்ல வருவது வேறு: அந்த வண்டியால் மணிக்கணக்கில் மெதுவாகப் போக முடியும்.

சிரிக்காதீர்கள். முத்தியால்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. சித்திரை மாதம், சாயங்காலம் ஆறரை மணி, காற்றே இல்லை. முன்னால் நாதஸ்வரம், தவில். பத்தடி போவது, நிற்பது. தவில்காரர் தனி ஆரம்பித்தால் கால் மணி நேரம் அதே இடம். மறுபடி பத்தடி. அம்பாசடரின் ஃபேன் என்ஜின் பெல்ட்டில் சுற்றுவது. என்ஜின் மெதுவாக ஓடினால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும், எதிர்க்காற்றும் கிடையாது. அரை கிளட்சில் நகர்த்தி நகர்த்தி கிளட்ச் பிளேட் கருகும் வாடை மல்லிகைப்பூ வாசனையை மீறி வந்துவிட்டது. கோயில் திருப்பத்தில் ரேடியேட்டர் கொதித்துப் பானெட்டிலிருந்து ஆவி. மாப்பிள்ளை இறங்கி நடந்தார். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் என் தோளில் கை வைத்து, "தம்பி, அடுத்த தடவை சாம்பிராணி நாங்க போட்டுக்கறோம்" என்றார்.

ராஜாவின் கார் செய்கிற வேலையும் இதுதான். குதிரைப்படை முன்னால் நடக்கும், அதன் கால் வேகத்துக்கு வண்டி பின்னால் போக வேண்டும். மணிக்கணக்கில். குலுங்கக்கூடாது, அணையக்கூடாது, கொதிக்கக்கூடாது. ஜனங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் ஊர்வலமே.

நாலு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிப்பு நடக்கும். எட்டு சிலிண்டரில் நாலு முறை. என்ஜின் எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் ஒரு தள்ளுக்கும் அடுத்த தள்ளுக்கும் இடையில் இடைவெளி விழாது. ஃபேண்டம் 4-ல் எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும், 5.7 லிட்டர். ரோல்ஸ் ராய்ஸ் செய்த கார்களில் வரிசை எட்டு என்ஜின் இதில் மட்டும்தான். முதலில் கையால் மாற்றும் நாலு கியர், பிற்பாடு தானியங்கி கியரும் வந்தது. எத்தனை குதிரைத்திறன் என்று கம்பெனி வெளியிடவே இல்லை. கேட்டால் "போதுமான அளவு" என்பதுதான் அவர்கள் வழக்கமான பதில்.

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரை வடம் பிடித்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் தொட்டு இழுத்த தேர் அது, இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து தொடங்கி வைக்கிறார். அங்கே இழுப்பதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வித்தை தெரிந்தவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நடந்து முட்டுக்கட்டை போடுகிறவர்.

அது ராணுவ லாரி என்ஜின் என்கிறார்களே?

அந்தக் குடும்பம்தான், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரோல்ஸ் ராய்ஸ் "பி" வரிசை என்று என்ஜின்கள் செய்தது. நாலு, ஆறு, எட்டு என்று சிலிண்டர் எண்ணிக்கை மாறும், உள்ளே பெரும்பாலான உதிரி பாகங்கள் ஒன்றே. நாலு சிலிண்டர் ராணுவ ஜீப்புக்கு, ஆறு ஃபெரெட் கவச வண்டிக்கு, எட்டு சாரசன் கவச வண்டிக்கும் தீயணைப்பு வண்டிக்கும் போனது. ராணிக்குப் போனது அந்த எட்டின் கூடப்பிறந்தது. அடி வாங்கிப் பழகிய ஜாதி என்பதால்தான் வெயிலில் நின்று நின்று போகும் வேலைக்குத் தாங்கியது என்பது என் எண்ணம்.

பதினெட்டும் ஒரே மாதிரி இருக்காதாமே, ஏன்?

சென்னை சாலையில் பாடி இல்லாத பஸ் சேசிஸ் போவதைப் பார்த்திருப்பீர்கள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரைவர் மொட்டை வெயிலில் உட்கார்ந்திருப்பார். கம்பெனி சேசிஸும் என்ஜினும் கொடுக்கும், பாடி கட்டுவது கரூரில். அதே ஏற்பாடுதான். ரோல்ஸ் ராய்ஸ் சேசிஸ் கொடுக்கும், பாடியை வாங்குபவர் தனக்குப் பிடித்த பட்டறையில் கட்டிக்கொள்வார். ஃபேண்டம் 4-க்குப் பெரும்பாலும் கட்டியவை லண்டனின் எச்.ஜே. மல்லினர், ஹூப்பர் என்ற இரண்டு பட்டறைகள். ஹூப்பர் குதிரை வண்டிக் காலத்திலிருந்து அரண்மனை வேலை பார்த்தவர்கள். பிரெஞ்சுக் கை பட்டது ஒன்றே ஒன்றில், தலாலின் வண்டி. அதைக் கட்டியது பாரிஸின் ஃப்ரனே பட்டறை. வாட்ஸ்அப் படத்தை எழுதியவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே ஆறுதல் அதுதான்.

நீளத்துக்கு ஒரு கணக்கு: முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே அம்பாசடரில் 8 அடி 1 அங்குலம். ஃபேண்டம் 4-ல் 12 அடி 1 அங்குலம். அந்த நாலடியில்தான் நீண்ட என்ஜினும் பின் சீட்டுக்காரர் நீட்டும் காலும் அடங்கும்.

அந்தப் பட்டறைகளுக்கு 1959 நல்ல வருடமாக இல்லை. ஹூப்பர் கார் பாடி கட்டுவதை நிறுத்தியது, மல்லினரை ரோல்ஸ் ராய்ஸே வாங்கிக்கொண்டது. தகட்டைக் கையால் தட்டி வளைவு எடுக்கிற ஆட்கள் அங்கே எப்படிக் குறைந்தார்களோ, ஓ.டி.யிலும் அப்படித்தான். அப்பாவிடம் இருந்த ஒரு மேஸ்திரி, மணல் மூட்டை மேல் தகட்டை வைத்து மரச் சுத்தியால் தட்டியே மட்கார்டு வளைவு கொண்டுவருவார், பட்டி பூசவே மாட்டார். இன்று அதே வேலைக்குக் கால் அங்குலம் பட்டி போகிறது.

பதினெட்டாவது வண்டி என்ன ஆயிற்று?

தொழிற்சாலையிலேயே நின்றது. சோதனை ஓட்டத்துக்கும் சாமான் ஏற்றவும் அதைப் பிக்கப் வண்டியாகக் கட்டிவிட்டார்கள். ஆமாம், மன்னர்களுக்கு மட்டும் என்று செய்த வண்டியில் ஒன்று குட்டியானை வேலை பார்த்தது. கடைசியில் பிரித்துப் போட்டுவிட்டார்கள். எனக்கு ஒன்று இலவசமாகத் தருகிறேன் என்றால் நான் கேட்டிருப்பது அதைத்தான்.

முன்னால் நிற்கும் பொம்மை?

சிறகு மாதிரி துணி பறக்கக் குனிந்து நிற்கும் பெண், 1911-லிருந்து வருகிறது, செய்தவர் சார்லஸ் சைக்ஸ் என்ற சிற்பி. எலினார் தார்ன்டன் என்ற பெண்தான் அதற்கு மாதிரி என்று சொல்வார்கள். 1915 டிசம்பர் 30 அன்று அவர் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பெர்சியா கப்பலை மத்தியதரைக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அவர் அதில் போய்விட்டார். ராணி எலிசபெத் ஏறும்போது மட்டும் அந்தப் பொம்மைக்குப் பதில் வெள்ளியில் செய்த குதிரைவீரன் நின்றான், ராட்சசப் பாம்பைக் குத்தும் செயின்ட் ஜார்ஜ். எந்தக் காரில் ஏறினாரோ அந்தக் காருக்கு அதைக் கழற்றி மாட்டினார்கள், நம்மூரில் உற்சவரை வாகனம் மாற்றுவது போல.

நம்பர் பிளேட் ஏன் இல்லை?

பிரிட்டிஷ் மன்னரின் அரசு விழாக் கார்களுக்கு நம்பர் கிடையாது. நம் நாட்டில் குடியரசுத் தலைவர், ஆளுநர் கார்களில் முன்பு நம்பர் இருக்கும் இடத்தில் சிங்கச் சின்னம்தான் இருந்தது. 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அவற்றுக்கும் நம்பர் வேண்டும் என்று சொல்லிவிட்டது.

ஃபேண்டம் 5, 6 என்று கேள்விப்படுகிறோமே, அவையும் இவ்வளவு அபூர்வமா?

இல்லை. 5-ம் எண் 1959-லிருந்து 1968 வரை 516 வண்டி. 6-ம் எண் 1990 வரை 374. இரண்டிலும் என்ஜின் வி8. காசு இருந்த யாரும் வாங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள், பாட்டுக்காரர் ஜான் லெனன்கூட ஒரு ஃபேண்டம் 5 வைத்திருந்தார். படம் வந்தால் முதலில் கேட்க வேண்டியது "எத்தனாவது ஃபேண்டம்?" என்பதுதான். பெரும்பாலும் 5 அல்லது 6 ஆகத்தான் இருக்கும்.

எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு ரோல்ஸ் ராய்ஸ் ஏற்பாடு செய்து தருவீர்களா?

மாட்டேன். "விண்டேஜ் கார்" என்று வாடகைக்கு வருபவற்றில் பல, ஜீப் சேசிஸ் மேல் பழைய பாணியில் பாடி கட்டியவை. அதில் தப்பில்லை, போட்டோவில் நன்றாகவே இருக்கும். ஆனால் ரோல்ஸ் ராய்ஸ் என்று சொல்லி ரோல்ஸ் ராய்ஸ் வாடகை வாங்கினால் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். குதிரை வண்டியும் மோசமில்லை. 2024 குடியரசு தின விழாவுக்கு பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோனும் நம் குடியரசுத் தலைவரும் குதிரை வண்டியில்தான் வந்தார்கள்.

ஐம்பது வருடம் ஆன காருக்கு விண்டேஜ் பதிவு வாங்கலாமா?

2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதி அது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, பெரிதாக மாற்றம் செய்யாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு "வி.ஏ." என்ற எழுத்தோடு நம்பர் கொடுப்பார்கள். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே நம்பர் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது மாதிரியான காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், வாடகைக்கு ஓட்டவே கூடாது. என் வண்டிக்கு வயது வந்துவிட்டது, நான்தான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலூர் போய் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போவதை ராலி என்று சொல்ல முடியுமா?

கடற்கரை ஊரில் பழைய கார் தாங்குமா?

தாங்கும், பார்த்துக்கொண்டால். வெளியே தெரியும் துரு பிரச்சனை இல்லை. கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். அதில் மண் அடைத்துக்கொண்டால் உப்பு ஈரம் உள்ளேயே நின்று தின்னும். வருடத்துக்கு இரண்டு முறை குச்சியால் குத்திவிடுங்கள். கடலோரத்து போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர், அதில் காரைக் கழுவுவதற்குக் கழுவாமலே விடலாம், நல்ல தண்ணீர் நாலு வாளி போதும். தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், உள்ளே வேர்த்துவிடும், பருத்தித் துணி போடுங்கள். 2011-ல் தானே புயல் வந்தபோது தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி வைத்த என் காரில் மூன்றே வாரத்தில் ஃப்ளோர் தகடு பொத்தலானது, அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இப்போது பங்குகளில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டர் கேஸ்கட்டையும் ஊறவைக்கும். புது ரகக் குழாய் மாற்றிவிட்டு, மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

முத்தியால்பேட்டைக்குப் பிறகு உங்கள் கார் கொதித்ததா?

இல்லை. கரண்ட் ஃபேன் ஒன்றைத் தனியாக மாட்டி, டாஷ்போர்டுக்கு அடியில் சுவிட்ச் வைத்துவிட்டேன். தவில் தனி ஆரம்பித்தால் என்ஜினை அணைத்துவிடுவேன். நகர வேண்டும் என்றால் முதல் கியரில் எடுத்து, கிளட்சை முழுதாக விட்டுப் பத்தடி, பிறகு நியூட்ரல். அரை கிளட்ச் பக்கமே போவதில்லை. அப்புறம், தவில்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வேன். வண்டியைப் பார்க்க வேண்டும் என்றால் ஆடி மாதத்தில் வாருங்கள். கல்யாணம் கிடையாது, சும்மாதான் நிற்கும்.